காட்டுக்காரனை வெளிய வெச்சுப்போட்டு காட்டைக் காட்டறாங்களாம்

என்ன கண்ணு, கபினிக்குப் போயிட்டு வந்தியாமா? செல்போனைத் தள்ளித் தள்ளி நூறு படம் காட்டற. ஆனை நிக்குது, மானு மேயுது, புலிக்கு வாலு மட்டும் தெரியுது. நல்லாத்தான் இருக்குது. நீயி போட்டிருக்கற உடுப்புத்தான் எனக்கு வெளங்கலை. புலி பாத்துரும்னா பச்சையும் காவியுமா மாட்டிக்கிட்ட? உன்ர வண்டிச் சத்தம் அதுக்கு அரை மைலுக்கு அக்கட்டயே கேட்டிருக்கும் சாமி.

அந்தக் குடிசைப் படத்தை மறுக்காக் காட்டு. மேல புல்லு வேஞ்சிருக்குது. மண்ணுச் சொவரு. உள்ள ஏசி. வாசல்ல உனக்குன்னு தனியா ஒரு நீச்சல் குளம். "தாத்தா, இது அங்க இருக்கற காட்டுக் குறும்பர் ஹாடி மாதிரியே கட்டினது"ன்னு பெருமையாச் சொல்ற. ஹாடின்னா அவங்க குடியிருப்பு. குறும்பர் பேரையே வெச்சு கபினிக் கரையில ஒரு சொகுசு விடுதி இருக்குது, எனக்கும் தெரியும். ஒரு ராத்திரிக்கு வாங்கற காசுல எங்கூர்ல ஒரு கறவை எருமை புடிக்கலாம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. குடிசை அங்க இருக்குது. குறும்பன் எங்க?

முழிக்காத. உக்காரு. நான் தாளவாடிக்காரன். எங்களுக்கு ஈரோட்டை விட மைசூருதான் கிட்ட. மலையெறங்காம சாம்ராஜ்நகர் போயி, அங்கிருந்து மைசூரு மண்டிக்கு வாழைத்தாரும் கோசும் ஏத்திப் போன ஆளு. தமிழும் கன்னடமும் ஒட்டுக்காப் பேசற ஊரு எங்களது. போற வழியில பாத்தது, மண்டியில கேட்டது, பேப்பர்ல படிச்சதுன்னு கொஞ்சம் வெச்சிருக்கறேன். கேட்டுக்க.

நீயி போன எடம் எச்.டி.கோட்டே தாலூக்கா. மைசூரு ஜில்லாவுக்குத் தெக்கு மூலை. அங்க ஜேனு குறும்பர் இருக்கறாங்க, பெட்ட குறும்பர் இருக்கறாங்க, எரவர் இருக்கறாங்க. ஜேனு குறும்பர் தேனெடுக்கறவங்க. நம்ம முதுமலையில காட்டுநாயக்கர்னு சொல்றோமே, அவங்களுக்கு ஒறவுமுறை. ஆஸ்கார் வாங்குன ஆனைப் படத்துல ஒரு பொம்மனையும் பெள்ளியையும் பாத்து 2023ல கண்ணு கலங்குனயே, அந்தச் சனம். அந்தப் படத்துக்கு அழுத ஊருதான் இந்தச் சனத்தைக் காட்டுக்கு ஆகாதவங்கன்னும் சொல்லுது. வேடிக்கையா இல்ல?

சரி, காட்டுக்கு யாரு ஆகாதவன்னு கணக்குப் பாத்துருவமா?

மொதல்ல ராசாக்கள். நீயி படகுல போனயே கபினித் தண்ணி, அதுக்கடியில காக்கனகோட்டைக் காட்டுல ஒரு பங்கு கெடக்குது. அங்கதான் கெத்தா நடக்கும். ஆனைக்கூட்டத்தைக் கெளப்பி, ஆத்துல எறக்கி, மரவேலிக்குள்ள அடைக்கறது. ஐதர் அலி பட்டாளத்தையே எறக்கிப் பாத்து முடியாம, இனி எவனாச்சும் இந்த வேலைக்கு வந்தா நாசமாப் போகட்டும்னு கல்லுல சாபம் வெட்டி வெச்சுப்போட்டுப் போனதாச் சொல்லுவாங்க. அதுக்கு நூறு வருசம் கழிச்சு சேண்டர்சன்னு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். மைசூரு சமஸ்தானத்துல வாய்க்கால் பாத்துக்கற உத்தியோகம். வாய்க்காலை விட்டுப்போட்டு ஆனை புடிக்க வந்துட்டான். 1874ல எங்க சாம்ராஜ்நகர் பக்கத்துல ஒரு கூட்டத்தையே புடிச்சுக் காட்டினான். எப்படி? ஆனை எந்தத் தடத்துல வரும், எங்க தண்ணி குடிக்கும், எப்ப மெரளும்னு அவனுக்குச் சொன்னது ஆரு? இங்கிலீசு புத்தகமா? குறும்பனும் எங்க பக்கத்து மலைச்சனம் சோளிகனும்தான். பேரு அவனுக்கு, புத்தகமும் அவனுக்கு. அப்புறம் மகாராசா காலத்துல வைஸ்ராய் வந்தா கெத்தா, இளவரசர் வந்தா கெத்தா. காட்டுக்குள்ள கூடாரம் போட்டு, விருந்து வெச்சு, ஆனை புடிக்கறதை மேடையில உக்காந்து பாப்பாங்க. கடைசிக் கெத்தா 1971ல. அன்னிக்கு அதுக்குப் பேரு வீரம். இன்னிக்குக் குறும்பன் மூங்கில்குருத்து ஒண்ணு ஒடிச்சா அதுக்குப் பேரு குத்தம்.

அடுத்து வெள்ளைக்காரன் வனத்துறை. அவங்க வந்து காட்டைப் பாத்தாங்க. அத்தி இருக்குது, நெல்லி இருக்குது, கடுக்காய் இருக்குது, தடிமரத்துல மலைத்தேனீ கூடு கட்டியிருக்குது. இதெல்லாம் அவங்க கண்ணுக்கு வெட்டி மரம். தேக்கு மட்டும்தான் மரம். கலப்புக் காட்டை வெட்டிப்போட்டு வரிசை கட்டித் தேக்கு நட்டாங்க. நீயி கபினியில பாத்த காடு நாகரஹொளே, அதுக்குள்ள இன்னிக்கும் அந்தத் தேக்குத் தோப்பு நிக்குது, பட்டாளம் அணிவகுத்த மாதிரி. வெட்டுனது, நட்டது, களை எடுத்தது, காவல் காத்தது முச்சூடும் குறும்பர் கூலி. குறும்பர் வவுத்துப்பாட்டுக்கு அங்கங்க காட்டை எரிச்சு ராகி வெதைச்சிட்டு நகந்து போவாங்க. அதை நிறுத்துன்னு சொல்லிப்போட்டாங்க. ஏன்னு கேட்டா, காடு பாழாவுதாம். மலையையே மொட்டையடிச்சு ஒரே சாதி மரம் வெச்சவன் சொல்றான் கண்ணு இதை! வனத்தைக் கெடுத்தவன் வாத்தியார் ஆயிட்டான்.

அப்புறம் சொதந்திரம் வந்துது. வந்ததும் அணை வந்துது. கபினி அணை 1974ல முடிஞ்சுது. நல்ல காடு, ஆத்தோரப் புல்லு, ஊரு, ஹாடி எல்லாம் தண்ணிக்கடியில போயிருச்சு. எனக்கு அணை மேல வெசனம் இல்ல. தண்ணி இல்லாம வெள்ளாமை ஏது? தஞ்சாவூருக்காரன் கூட அந்தத் தண்ணியிலதான் நாத்து நடறான். கர்நாடகத்துக்காரன் கபினியைத் தொறந்தானான்னு நம்ம பேப்பர்ல வருசா வருசம் வருதில்ல? அந்தக் கபினிதான். நான் சொல்றது வேற. அந்தத் தண்ணிக்குக் காட்டைக் குடுத்தவன் பேரு, பங்கீட்டுக் கணக்குல எங்கயாச்சும் வருதா? கர்நாடகம் இத்தனை, தமிழ்நாடு இத்தனைன்னு டிஎம்சி பேசறோம். குறும்பனுக்கு எத்தனை டிஎம்சி?

இன்னொரு வேடிக்கை கேளு. காடு முங்குன எடத்துல கோடைக்குத் தண்ணி வத்தும். அடிமண்ணுல புதுப்புல்லு முளைக்கும். அந்தப் புல்லுக்கு ஆனைக்கூட்டம் நூத்துக்கணக்குல எறங்கும். அதைப் பாக்கத்தான் உன்னய மாதிரி ஆளுங்க வர்றாங்க. அப்ப காடு போச்சுங்கறதே ஒரு யாவாரம் ஆயிருச்சு. கரையோரம் விடுதி மேல விடுதி.

காட்டுக்கு வெளிய என்ன ஆச்சு? அதையும் பாரு. மேக்க குடகுல காப்பித் தோட்டம். வடக்க உன்சூரு, பிரியாபட்டணா பக்கம் வர்ஜீனியாப் புகையிலை. பச்சை எலையைச் சூளையில வேக வெக்கோணும், அதுக்கு வெறகு வேணும். வெறகு வானத்துலிருந்தா வருது? இங்கிட்டு எச்.டி.கோட்டே பக்கம் வயநாட்டுலிருந்து வந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடறாங்க. ஒரு வெள்ளாமை எடுத்ததும் மண்ணு சோந்து போகும், அடுத்த நிலத்துக்கு நகந்துருவாங்க. நாலாபக்கமும் காட்டு ஓரம் இப்படி அரிச்சு உள்ள போயிருக்குது. ராசா, தொரை, இஞ்சினியர், தோட்ட மொதலாளி, புகையிலைக்காரன், விடுதிக்காரன். இத்தனை பேரும் காட்டுல கை வெச்சு முடிச்ச பொறவு, "காடு கொறஞ்சு போச்சே, மனுச நடமாட்டத்தை நிறுத்தோணும்"னு ரோசனை வந்துது. நிறுத்துனது ஆரு நடமாட்டத்தை?

ஒறம்பர வந்தவன் திண்ணையைப் புடிச்சு, ஆசாரத்தைப் புடிச்சு, அடுப்படியும் புடிச்சுப்போட்டு, கடைசியில வூட்டுக்காரனைப் பாத்து "இங்க கூட்டம் சாஸ்தியா இருக்குது, நீ சித்த வெளிய நில்லு"ன்னானாம். அந்தக் கதைதான்.

1972ல வனவிலங்குச் சட்டம். 1973ல பந்திப்பூர்ல புலித் திட்டம். நாகரஹொளே 1955லயே சரணாலயம். அப்புறம் தேசியப் பூங்கா ஆச்சு, 2007ல தனிப் புலிக் காப்பகமும் ஆச்சு. பூங்காவுக்கு ராஜீவ் காந்தி பேரு வெச்சாங்க. எந்த மரத்துல எந்தச் சாமி இருக்குதுன்னு அந்தச் சனத்துக்குத் தெரியும். காட்டுக்குப் பேரு வெக்கறப்ப அவங்களை ஆரும் கேக்கலை. எழுபதுகள்லிருந்தே ஹாடி ஹாடியாக் காலி பண்ண ஆரம்பிச்சாங்க. காயிதம் கெடையாது, நோட்டீசு கெடையாது. ஒரு நாளு காத்தால வருவாங்க, குடிசையைப் பிரிப்பாங்க, ஆனையை விட்டு மிதிக்க வெச்சாங்கன்னும் அந்தப் பெருசுங்க சொல்றாங்க. அப்புறம் காட்டோரத்துல கொட்டாய். இல்லைன்னா குடகுக் காப்பித் தோட்டத்து லைன் வூடு. அட்வான்சு குடுத்தா அடுத்த தலைமுறையும் அங்கயே.

எத்தனை குடும்பம்னு அரசாங்கத்துக்கே ரொம்ப நாளு தெரியாது. கேஸு ஐகோர்ட்டுக்குப் போச்சு. கோர்ட்டு ஒரு கமிட்டி போட்டுது. மைசூருப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முசாஃபர் அசாதிதான் தலைவர். அவரு ஹாடி ஹாடியாப் போயி எண்ணி 2014ல அறிக்கை குடுத்தாரு. நாகரஹொளேயிலிருந்து 3,418 குடும்பம் வெளியேத்தப்பட்டிருக்குது, இவங்களுக்கு நிலம் குடு, வூடு குடுன்னு எழுதினாரு. அந்தப் பேராசிரியர் 2025 ஜனவரியில காலமானாரு. அறிக்கை உயிரோட இருக்குதான்னு என்னையக் கேக்காத.

"எல்லாரையும் சும்மா வெரட்டலையே தாத்தா, பணம் குடுத்தாங்களே"ம்ப. குடுத்தாங்க. 2008லிருந்து ஒரு குடும்பத்துக்குப் பத்து லட்சம். 2021ல அதைப் பதினஞ்சு லட்சம் ஆக்குனாங்க. உன்சூரு பக்கம் வீரனஹொசஹள்ளிகிட்ட நாகபுராங்கற எடத்துல தொண்ணூறுகள் கடைசியிலிருந்து காலனி கட்டிக் குடி வெச்சாங்க. ஓட்டு வூடு, ஆளுக்கு அஞ்சு ஏக்கர். கேக்க நல்லாத்தான் இருக்குது. அஞ்சு ஏக்கர்னா எனக்கே வாயில எச்சி ஊறும்.

ஆனா நான் பண்ணயம் பாத்தவன் கண்ணு. அஞ்சு ஏக்கர்னு பட்டாவுல எழுதுனா அது வெள்ளாமை பூமி ஆயிருமா? கெணறு எங்க? மாடு எங்க? வெதைக்கும் எருவுக்கும் முட்டுவழி ஆரு போடறது? மழை தப்புனா அடுத்த போகம் வரைக்கும் எதைத் திங்கறது? எங்க அப்பன் எனக்கு ஏரு புடிக்கச் சொல்லிக் குடுத்தாரு, அவருக்கு அவங்க அப்பன். அப்படியிருந்தும் நாலு போகத்துல ஒரு போகம் கையைச் சுடுது. பொறந்ததிலிருந்து மரமேறித் தேனெடுத்தவனை, கெழங்கு தோண்டுனவனைக் கூட்டியாந்து சமதரையில நிறுத்தி, "பயிரு பண்ணு"ன்னா? எனக்குக் கவுத்தைக் குடுத்து அறுபதடி மரத்துல ராத்திரி ஏறித் தேனெடுன்னா நான் எறங்கி வருவனா, உழுந்து வருவனா?

வெளைஞ்சதையும் ஆனை வந்து தின்னுபோட்டுப் போகும். காட்டோர நிலந்தானே. கடைசியில வெகுபேரு நிலத்தை இஞ்சிக்காரனுக்கும் புகையிலைக்காரனுக்கும் குத்தகைக்கு விட்டுப்போட்டு, அந்த நிலத்துலயே, இல்லைன்னா பஸ்ஸேறிக் குடகுல, கூலிக்குப் போறாங்க. தன்ர நிலத்துலயே கூலி! பேங்குல போட்ட பணம் எத்தனை நாளைக்கு? ஒரு பைக்கு, ஒரு கல்யாணம், ஒரு ஆசுபத்திரிச் செலவு. முடிஞ்சுது.

காட்டுல அவங்க மாசத்துக்கொரு பொழப்பு வெச்சிருந்தாங்க. சித்திரை வைகாசிக்குத் தேன். மழைக்குக் காளானும் மூங்கில்குருத்தும். அப்புறம் நெல்லி, கடுக்காய், பூந்திக்கொட்டை. எங்க பக்கத்துச் சோளிகர் மாகாளிக்கெழங்கு தோண்டுவாங்க. உங்க வூட்டு ஊறுகாய்ச் சாடியில கெடக்கறது அதுதான். பிரியாணிக்குக் கல்பாசி போடறீங்களே, அது மரத்துல சொரண்டி எடுக்கறது. பி.ஆர். மலைங்கற பிலிகிரிரங்கன மலையில இதையெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு ஒரு நாளு உத்தரவு போட்டாங்க. பொழப்பு நின்னுச்சு. பிரியாணி நிக்கலை, பாத்தியா?

அதை விடு. நெருப்புக் கதைக்கு வர்றேன். இது எனக்குக் கண்ணால தெரிஞ்சது. சோளிகருக்கு ஒரு பழக்கம், தரகு பெங்கின்னு சொல்லுவாங்க. பனி முடிஞ்சு எலை உதுந்த ஒடனே, வெயிலு முத்தறதுக்கு முன்னால, கீழ கெடக்கற சருகுக்கு மட்டும் சின்னதா நெருப்பு வெப்பாங்க. முழங்கால் ஒசரம் ஓடி அணைஞ்சுரும். புதுப்புல்லு வரும், மானு வரும், நெல்லி மரத்துல ஒட்டுண்ணி சாகும். துறைக்காரங்க பாத்தாங்க. "ஐயோ காட்டுக்கு நெருப்பு வெக்கறான்"னு புடிச்சு உள்ள போட்டாங்க. சரி, நெருப்பு நின்னுச்சு. பதிலுக்கு என்ன வந்துது? உண்ணிச்செடி. பூ அழகா இருக்குதுன்னு இருநூறு வருசத்துக்கு முன்னால வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டாந்து தோட்டத்துல வெச்சது. இன்னிக்குப் பந்திப்பூர்லயும் பி.ஆர். மலையிலயும் எங்க சத்தியமங்கலம் காட்டுலயும் ஆள் ஒசரத்துக்கு அடசலா நிக்குது. புல்லு முளைக்காது, மானு நொழையாது. காய்ஞ்சு நின்னா, பங்குனியில ஒரு பீடித்துண்டு போதும். சின்ன நெருப்பை வேண்டாம்னவங்க பெரிய நெருப்புக்கு வெறகு அடுக்கி வெச்சிருக்கறாங்க. இப்ப அந்தச் செடியைப் புடுங்கக் கோடிக்கணக்குல செலவு. புடுங்கற கூலி ஆருக்கு? அவங்களுக்கேதான்.

கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவேலைக்காரங்க அந்த உண்ணிக்குச்சியை வளைச்சு வளைச்சு நெசமான ஒசரத்துல ஆனை செஞ்சாங்க. 2021ல அந்த ஆனைங்க லண்டனுக்குப் போயி ராணி அரமனைப் பக்கத்துப் பூங்காவுல நின்னுது. அப்புறம் அமெரிக்காவும் பாத்துருச்சு. மனுசனும் மிருகமும் ஒட்டுக்கா வாழறது எப்படின்னு ஒலகத்துக்குச் சொல்றதுக்காம். நல்ல காரியந்தான். அப்படி வாழ்ந்து காட்டுன சனம் காட்டுக்குள்ள இருக்கக் கூடாதுங்கறது மட்டும்தான் எனக்கு ஒதைக்குது.

நீயி படிச்ச புள்ள, எதுத்துக் கேப்ப. "புலி பொழைக்க எடம் வேண்டாமா?" வேணும். நான் என்ன, புலி வேண்டாம்னா சொன்னேன்? அந்தச் சனத்துல கண்ணி வெச்சவன் ஒருத்தனும் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நம்ம ஊருல திருடன் இல்லையா, அதுக்காக ஊரையே காலி பண்றமா? இன்னொண்ணும் ஒத்துக்கறேன். ஹாடியை விட்டு வெளிய வாரேன்னு அவங்களாவே கேட்டவங்களும் உண்டு. கரண்டு இல்ல, ஆசுபத்திரி இல்ல, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்ல. சின்னவன் ஒருத்தன் ஐ.டி.ஐ. படிக்கோணும்னா, அவனை மரத்துலயே உக்காருன்னு சொல்ல நீயாரு, நானாரு? தேனெடுக்கறவன் காலம் முச்சூடும் தேனெடுத்துக்கிட்டே இருந்தாத்தான் நமக்குப் போட்டோவுக்கு அழகா இருக்கும்னு நெனைக்கறதும் ஒரு திமிருதான். போறவன் போகட்டும், கேட்டதைக் குடுத்து அனுப்பு. இருக்கறவனை இருக்க விடு. இதுல என்ன சிக்கல்?

சட்டமே அதைத்தான் சொல்லுது. 2006ல பார்லிமெண்டுல வன உரிமைச் சட்டம் போட்டாங்க. காலங்காலமா நடந்த அநியாயத்தைச் சரி பண்றதுக்குன்னு அதோட முகப்புலயே எழுதியிருக்குது. உரிமையைச் சரிபாத்து முடிக்கற வரைக்கும் ஒருத்தரையும் வெளியேத்தக் கூடாதுங்குது. பி.ஆர். மலைச் சோளிகருக்கு 2011ல சமூக உரிமை குடுத்தாங்க. புலிக் காப்பகத்துக்குள்ள அப்படிக் குடுத்தது இந்தியாவுலயே அதுதான் மொதல் தடவை. அதனால புலி ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போகலை.

நாகரஹொளேயில கதை வேற. 2025 மே 5ந் தேதி, கரடிக்கல்லு அத்தூரு கொல்லின்னு குடகு பக்கத்து எடம், 52 ஜேனு குறும்பர் குடும்பம் பழைய ஹாடிக்கே திரும்பப் போச்சு. தாத்தனைப் பொதைச்ச எடம் இது, சாமி இருக்கற எடம் இதுன்னு குடிசை போட ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசம் வனத்துறையும் போலீசும் வந்து பிரிச்சாங்க. இங்க நீங்க இருந்ததுக்கு அத்தாட்சி ஏது, செயற்கைக்கோள் படத்துல குடிசையே தெரியலையேன்னு கேட்டாங்க. அடப்பாவிங்களா! மரத்தடியில இருக்கற புல்லுக்குடிசை வானத்துலிருந்து தெரிஞ்சா அது காடா, பொட்டலா? மேலயிருந்து பாத்தாத் தெரியாத மாதிரி இருந்ததுதானே அவங்க கெட்டிக்காரத்தனம்? செயற்கைக்கோள் படம் தொணைக்குத்தான், அதை வெச்சு மத்த சாட்சியைத் தள்ளக் கூடாதுன்னு அந்தச் சட்டத்தோட விதியிலயே இருக்குது. ஊருப் பெருசு சொல்றது சாட்சி, சமாதி சாட்சி. குனிஞ்சு பாத்தாத் தெரியறதை ஆகாசத்துல தேடறாங்க.

இதுல ஒரு சங்கதி மறந்துட்டேன் பாரு. தொண்ணூறுகள்ல அதே நாகரஹொளேக்குள்ள, மூர்க்கல்லுங்கற எடத்துல, பெரிய ஓட்டல் கம்பெனிக்கு விடுதி நடத்த எடம் குடுத்தாங்க. குடிசைக்கு எடமில்ல, ஓட்டலுக்கு எடமிருந்துது. அந்தச் சனம் சேந்து தடுத்து, கோர்ட்டுக்குப் போயி, 1997ல ஐகோர்ட்டு சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிருச்சு. காட்டை ஓட்டலுக்குப் போகாமக் காப்பாத்துனவங்க அவங்கதான் கண்ணு. அதுக்கு எவனாச்சும் அவார்டு குடுத்தானா?

காட்டுச்சனத்தை வெளியேத்தற கூத்து இலங்கையிலயும் நடந்துது. மாதுறு ஓயாவை 1983ல தேசியப் பூங்கா ஆக்கி, அங்க இருந்த வேடர்ங்கற காட்டுச்சனத்தை வெளிய அனுப்பி, வயலைக் குடுத்து உழச் சொன்னாங்க. அவங்க பெரியவரு திசஹாமி நகர மாட்டேன்னு தம்பானையிலயே உக்காந்துக்கிட்டாரு. ஊரு வேற, பாஷை வேற, உத்தரவு ஒண்ணுதான்.

தசரா நோம்பிக்கு மைசூரு போயிருக்கறயில்ல? தங்க அம்பாரி 750 கிலோ. அதைச் சொமந்துக்கிட்டு ஆனை அலுங்காம நடக்குது. நீங்க முச்சூடும் ஆனையைப் படம் புடிக்கறீங்க. ஆனை கழுத்துல உக்காந்திருக்கறவனைப் பாத்திருக்கறயா? அந்த மாவுத்தருங்கள்ல வெகுபேரு ஜேனு குறும்பர். வருசா வருசம் ஆனைங்களுக்குப் பூசை போட்டு, மந்திரிங்க வந்து பூத்தூவி, மைசூருக்கு வழியனுப்பற எடம் எது தெரியுமா? வீரனஹொசஹள்ளி. ஆமா, நாகபுராக் காலனிக்குப் பக்கத்துலதான். ரெண்டு மாசம் அரமனை வளாகத்துல மாவுத்தன் பொண்டாட்டி புள்ளைகளுக்குக் கூடாரம், புள்ளைங்களுக்குக் கூடாரப் பள்ளிக்கூடம், எலை போட்டு விருந்து. நோம்பி முடிஞ்சா லாரியேத்தித் திருப்பி அனுப்பிருவாங்க. அரமனைக்குள்ள இருக்க லாயக்கு, காட்டுக்குள்ள இருக்க லாயக்கில்லையாம். இந்தப் பவுசைக் கண்டா எனக்குச் சிரிப்பு வராம என்ன பண்ணும்?

அந்தச் சனத்துக்கும் எகத்தாளம் சாஸ்தி, அதுதான் எனக்கு அவங்களைப் புடிக்கும். குடகுல திதிமதிக்குப் பக்கத்துல தேவரபுரான்னு ஒரு ஊரு. வருசத்துக்கொரு தடவை மே மாசக் கடைசியில நோம்பி கும்புடுவாங்க. ஆம்பளை பொம்பளை வேசம் போட்டுக்கிட்டு, தகரத்தைத் தட்டிக்கிட்டு, சாமியை வாய்க்கு வந்தபடி கெட்ட வார்த்தையில திட்டுவாங்க. ஏன்? ஒட்டுக்கா வேட்டைக்குக் கூட்டிட்டுப் போன ஐயப்பன், வழியில பத்ரகாளியைக் கண்டு அவ பொறத்தால போயி, இவங்களை நடுக்காட்டுல விட்டுப்போட்டானாம். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் திட்டு. நடுக்காட்டுல விட்ட சாமிக்கே அந்தத் திட்டுன்னா, காட்டை விட்டே தொரத்துனவனுக்கு எத்தனை திட்டு பாக்கி இருக்கும்!

2025 அக்டோபர், நவம்பர்ல என்ன ஆச்சுன்னு படிச்சயா? எச்.டி.கோட்டே, சரகூரு பக்கம் புலி வெளிய வந்து ஆளுங்களைக் கொன்னுபோட்டுது. விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. நாகரஹொளே, பந்திப்பூரு ரெண்டுலயும் சவாரியை நிறுத்துன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுது. ஒடனே விடுதிக்காரங்க கூப்பாடு: எங்க பொழப்பு போச்சே, எங்களை நம்பி எத்தனை குடும்பம்னு. கொஞ்ச நாளு கேட்டு மூடுனதுக்கே இத்தனை ஒப்பாரி. அம்பது வருசமாக் கேட்டு மூடியிருக்கறவங்க குரலு மட்டும் எப்படி ஆருக்கும் கேக்காமப் போச்சு?

நாகரஹொளேயோட முடியற சமாச்சாரமும் இல்ல இது. 2024 ஜூன்ல புலிகள் ஆணையம் எல்லா மாநிலத்துக்கும் கடுதாசி போட்டுது. நாடு முச்சூடும் புலிக் காப்பகங்களோட உள்காட்டுல இன்னும் 591 கிராமம், 64,801 குடும்பம் இருக்குது, வெளிய கொண்டார்ற வேலையைச் சுருக்கா முடிங்கன்னு. அந்தக் கணக்குல உன்ர குடும்பம் இல்ல, என்ர குடும்பமும் இல்ல. அதனாலதான் நம்ம ரெண்டு பேரும் இங்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு நாயம் பேசறோம்.

புலிக்காக ஒரு ஊரை மாத்தோணும்னா என்ன பண்ணோணும்னு வன உரிமைச் சட்டமும் சொல்லுது, வனவிலங்குச் சட்டமும் சொல்லுது. கிராம சபையைக் கூட்டு, வெவரத்தை முச்சூடும் சொல்லு, அவங்க தெரிஞ்சு சம்மதிச்சாத்தான் மாத்தலாம். ஹாடியில இருக்கறவங்க கேக்கறது அந்தக் கூட்டத்தைத்தான் கண்ணு. புதுசா ஒண்ணும் கேக்கலை.